ஆயிரத்து இருபத்தைந்து

திங்கள்சந்தை கண்ணாடிக் கடையில்
ஜன்னலுக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளை
சிலிக்கான் வைத்து ஒட்டித் தந்தார்கள்.
நாற்பது லிட்டர் பிடிக்கும்.
ஒரு மூலையில் பசைக்குள் குமிழி.
கசிந்தால் உங்க பாடு என்றான் பையன்.
இதுவரை கசியவில்லை.

குளச்சலில் நான் வேலை பார்க்கும் லேபில்
சிறுநீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையை
பட்டைகள் வந்தபின் யாரும் தொடுவதில்லை.
கேட்டேன். எடுத்துக்கோ என்றார் டாக்டர்,
எதற்கென்று கேட்காமல்.
ஸ்பிரிட்டில் மூன்று நாள் ஊறப்போட்டு
முட்டத்துப் பாறையிடுக்கில் மொண்டுவந்த நீரில்
மெல்ல விட்டேன். ஆடி, நின்றது.
ஆயிரத்து இருபத்தைந்து.
காய்ச்சலில் காய்ந்தவனின் நீரும்
அநேகமாய் அந்தக் கோட்டில்தான் நிற்கும்.

மிச்சமெல்லாம் சில்லறைச் சாமான்.
காற்று மோட்டார், அதன் நுனியில் பஞ்சு.
பைக் கடையில் வாங்கிய நீல விளக்கு.
உச்சிவேளையில் மிதக்கவிட
உறையவைத்த சோடா பாட்டில் இரண்டு.
பாறை நானே வார்த்தது: சிமெண்டும் சிப்பித்தூளும்,
இரண்டு மாதம் வாளியில் தண்ணீர் மாற்றிக் காரம் போக்கி.
கொச்சிக்காரர் ஒருவர் தன் தொட்டியில் வளர்த்துக் கிள்ளி
தெர்மாகோல் பெட்டியில் பஸ்ஸேற்றிய பவளத்துண்டு,
சட்டைப் பித்தான் அளவில்
பச்சையாய் ஏழு வாய்கள்.

ததேயுஸ் தங்கல் முடிந்து வந்தான்.
பையை இறக்கவில்லை.
"பதினெட்டு நாளா அதையேதான் பாத்துட்டு வாறேன்.
வீட்டுக்குள்ளயுமா, பெல்சிட்டா?"
குனிந்து பார்த்தான்.
சங்கு நண்டு ஒன்று, கோடுபோட்ட இறால் ஒன்று.
"ஒரு கொழம்புக்குக் காணாது"
என்று குளிக்கப் போனான்.

முதல் மாதம் ஒரு தப்பு செய்தேன்.
வற்ற வற்றக் கடல்நீரையே ஊற்றினேன்.
மிதவை ஏறியது, முப்பது, முப்பத்திமூன்று.
நண்டு சங்குக்குள் போனது, வரவில்லை.
அப்புறம்தான் உறைத்தது:
ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கேயும் போவதில்லை,
இருந்த இடத்திலேயே இருந்து இறுகுகிறது.
ஊற்ற வேண்டியது நல்லதண்ணி,
தினம் ஒரு டம்ளர்.
எனக்குத் தெரிந்த சில வீடுகளையும்
அன்று நினைத்துக்கொண்டேன்.

தடைக்காலம். இடவப்பாதிக் காற்று.
கம்பத்தின் மேல் தென்னை சாய்ந்த இரவு,
மோட்டார் நின்ற நிசப்தம்தான் என்னை எழுப்பியது.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
மொண்டேன், ஊற்றினேன், மொண்டேன்.
அவன் வந்தான். ஒன்றும் கேட்கவில்லை.
அடுக்களையிலிருந்து செம்பை எடுத்தான்.
செம்பு வேண்டாம், செம்பு பட்டால் இறால் சாகும் என்று
பிளாஸ்டிக் மக்கு இரண்டு கொடுத்தேன்.
சாயா ஆற்றுகிறவன் மாதிரி
ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்து ஊற்றினான்,
ஒரு சொட்டு தரையில் சிந்தாமல்.
"தூண்டிலுக்கு உயிர்ஏரை வெச்சிருக்கது
இப்பிடித்தான்."

பத்து மணி நேரம்.
முறை வைத்து மாறினோம்.
என் முறை இல்லாத நேரம்
அவன் தொட்டியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.
கேட்காத மாதிரி படுத்திருந்தேன்.

விடிந்ததும் இறால் மல்லாந்து கிடந்தது.
பூனைக்குப் போடச் சொன்னேன்.
போடவில்லை. முருங்கை மூட்டில்
விரலால் குழி தோண்டினான்.
கரண்டு வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குமேல்
வாய்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன.
"ஆறுதான் விரிஞ்சிருக்கு" என்றான்.
நான் எண்ணவே இல்லை.

ஆகஸ்டில் படகேறினான்.
ஒன்பதாம் நாள் எங்கோ ஒரு கோபுரம் எட்டி
போன் அடித்தது. இரைச்சலுக்குள்ளே
"எத்தனை?" என்றான்.
ஆயிரத்து இருபத்தாறு.
"ஒரு டம்ளர் ஊத்து." அறுந்துவிட்டது.
நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

ஊற்றினேன்.